30 ஆயிரத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா, மொதல்ல மானிட்டரைப் பாருங்க

போன மாசம் என் சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணா, கையில 30 ஆயிரம் சேத்து வெச்சிருக்கேன், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம், ஒரே ஒரு பேரு மட்டும் சொல்லு, நாளைக்கே ரிச்சி ஸ்ட்ரீட் போயி தூக்கிட்டு வந்துடுறேன்"னான். நான் திருப்பி கேட்டேன், உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்டா? தெரியலண்ணா. எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டி, அது எத்தனை வாட்ஸ்? தெரியல. மதர்போர்டு என்ன மாடல்? "கருப்பா இருக்கும்ணா". சரி, இவன்கிட்ட ஒரு பேரைச் சொல்லி அனுப்பிட்டா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்னு, உக்காந்து ஒரு மணி நேரம் பேசினேன். அவன்கிட்ட பேசினதையும் அப்பறம் நாங்க வாங்குனதையும் சேத்துதான் இங்க எழுதுறேன், ஏன்னா தீபாவளி போனஸ் வந்த உடனே இதே கேள்வியை வருசா வருசம் யாராவது ஒருத்தர் கேக்குறாங்க.

மொத விசயம் மானிட்டர். கார்டு வரையிற படத்தை நீங்க பாக்குறது அதுலதான, அதுக்கு மேல எவ்ளோ வரைஞ்சாலும் உங்க கண்ணுக்கு வராது. 1080பி மானிட்டர்ல ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, சுமார் 20.7 லட்சம் பிக்சல் (புள்ளி), 1440பி போனா 36.9 லட்சம், 4கே போனா 83 லட்சம். அதாவது 1080பி-ல ஜம்முனு ஓடுற அதே கார்டு 4கே-ல நாலு மடங்கு வேலை பாக்கணும். யூட்யூப்ல எவனோ 4கே-ல டெஸ்ட் பண்ணி "இந்த கார்டு வேஸ்ட்"னு சொன்னா அது உங்களுக்கு இல்லைங்க, உங்க வீட்ல இருக்கறது 24 இன்ச் 1080பி மானிட்டர். நம்ம ஆளு மானிட்டருக்குப் பின்னாடி இருந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புனான், மாடல் நம்பரைத் தேடிப் பாத்தா 1080பி, 75 ஹெர்ட்ஸ். செகண்டுக்கு 75 படம், அவ்ளோதான் அதால காட்ட முடியும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம். எல்லாரும் சொல்ற வழி, கார்டோட விலையை அது குடுக்குற ஃப்ரேமால வகுத்துப் பாக்குறது. நம்பர் நான் சும்மா கணக்குக்காக வெச்சுக்கறேன், எந்த நெஜ கார்டும் இல்ல. ஒரு கார்டு 20 ஆயிரம், நீங்க ஆடுற கேம்ல செகண்டுக்கு 60 ஃப்ரேம் குடுக்குது, ஒரு ஃப்ரேமுக்கு 333 ரூபா. இன்னொன்னு 30 ஆயிரம், 85 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் 353. மூணாவது 40 ஆயிரம், 125 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் 320. பாத்தீங்களா, இருக்கறதுலயே விலை ஜாஸ்தியானதுதான் லாபம் மாதிரி தெரியுது, கடைக்காரரும் இதைத்தான் காட்டுவாரு. ஆனா உங்க மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தான்னா 75-க்கு மேல வர்ற ஃப்ரேம் எல்லாம் குடத்துக்கு மேல ஊத்துற தண்ணி. இப்ப வகுத்துப் பாருங்க, மொதல் கார்டு அதே 333, ரெண்டாவது 400, மூணாவது 533. லாபம் மாதிரி தெரிஞ்சதுதான் இப்ப இருக்கறதுலயே நஷ்டம். அதனால ஃப்ரேமுக்கு எவ்ளோன்னு கேக்காதீங்க, என் மானிட்டர் காட்டுற ஃப்ரேமுக்கு எவ்ளோன்னு கேளுங்க, பாதி குழப்பம் அங்கயே போயிடும்.

இதுல ஒரு விலக்கு இருக்கு, அதையும் சொல்லிடணும் இல்லன்னா சண்டைக்கு வருவாங்க. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேமை சீரியஸா ஆடுறவங்களுக்கு மானிட்டர் காட்டாட்டியும் ஃப்ரேம் ஜாஸ்தி வந்தா மவுஸ் அசைவு கொஞ்சம் சீக்கிரமா திரைக்கு வரும், 60 ஃப்ரேம்ல ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட், 144-ல 6.9 தான். ஆனா அந்த ரெண்டு கேமும் ப்ராசசரைத்தான் அதிகமா தின்னும், அதுக்காக 40 ஆயிரம் ரூபா கார்டு வாங்குறது வீண். அந்த காசுல ஒரு சாதாரண கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கிட்டா வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து, கார்டுதான் பிரச்சனையான்னு பாக்கணும். நெறைய பேர் பாக்குறதே இல்ல. ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டு கேம் ஆடும்போது ஓரத்துல கார்டு எத்தனை பர்சன்ட் வேலை செய்யுதுன்னு காட்ட சொல்லுங்க. 95-க்கு மேலயே நிக்குதுன்னா கார்டு திணறுது, புது கார்டு வாங்குனா பலன் இருக்கு. 60, 65-ல ஆடிக்கிட்டு இருக்கு ஆனாலும் கேம் தடுக்குதுன்னா ப்ராசசரோ ரேமோதான் பிடிச்சு இழுக்குது. அதுவும் பண்ண சோம்பேறித்தனமா இருந்தா கேம் செட்டிங்ஸ்ல ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்க, ஃப்ரேம் ஏறலைன்னா கார்டு மேல பழி போடாதீங்க. தம்பிகிட்ட இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, 2016-ல வந்த கார்டு, எந்த கேம் போட்டாலும் 99 பர்சன்ட். பாவம், அது ஓடுன ஓட்டத்துக்கு ரிட்டயர்மென்ட் குடுக்கலாம். அதை செஞ்ச என்விடியாவும் அந்த 10 சீரிஸுக்கு புது கேமுக்கான டிரைவர் (கார்டை இயக்குற சாஃப்ட்வேர்) விடுறதை 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு, இனிமே செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான்.

ஆனா ரேம் விசயத்துல அவன் மாட்டுனான், ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக். ஒத்த ஸ்டிக்ல ஓட்டுனா ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல ரோடு ஒத்தைவழி மாதிரி, ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டு வழி. புது கேம் நெறையத்துக்கு 16 ஜிபி வேணும், அதனால இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்குக்கு காசு ஒதுக்க சொன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு, ஏன்னா 2025 கடைசியில இருந்து ஏஐ சர்வர்காரங்க மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கிட்டு போறதால ரேம் விலை கண்ணைக் கட்டுது.

இப்ப எஸ்எம்பிஎஸ். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்கன்னு கால்ல விழாத குறையா சொல்றேன். 2019-ல நான் ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்னை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, கேபினெட் கூடவே வந்த "450 வாட்ஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டுன எஸ்எம்பிஎஸ்-லயே மாட்டுனேன். அதுல கார்டுக்கு பவர் குடுக்குற 8 பின் வயரே கெடையாது, கடைக்காரர் ரெண்டு மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போற 4 பின்) வயரை சேத்து 8 பின் ஆக்குற ஒரு கன்வெர்ட்டரைக் குடுத்து "ஓடும் சார், எத்தனை பேருக்கு போட்டுக் குடுத்திருக்கேன்"னாரு. ஓடுச்சு, மூணு வாரம். அப்பறம் ஒரு நாள் ராத்திரி கருகுன வாசனை, பிளாஸ்டிக் கனெக்டர் உருகிப்போயி வயரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கார்டு தப்பிச்சது என் அதிர்ஷ்டம்.

காரணம் இதுதான். மதர்போர்டு ஸ்லாட் வழியா ஒரு கார்டு 75 வாட்ஸ் வரைக்கும் எடுத்துக்கலாம், 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. ஆர்எக்ஸ் 580 தின்னுறது 185 வாட்ஸ். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், அதுல 12 வோல்ட் வரிசையைப் பாருங்க, ஆம்பியரை 12-ஆல பெருக்குங்க, அதுதான் உண்மையில கார்டுக்கும் ப்ராசசருக்கும் கெடைக்கிற பவர். என்னோட அந்த 450 வாட்ஸ் வீரன்ல 16 ஆம்பியர்தான் போட்டிருந்துச்சு, 192 வாட்ஸ். நான் அதை அப்பறமாத்தான் பாத்தேன், நீங்க முன்னாடியே பாத்துடுங்க. எயிட்டி ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரை போட்ட 550 வாட்ஸ் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்னு இந்த பட்ஜெட்ல வர்ற பெரும்பாலான கார்டுக்கும் போதும், 750, 850 எல்லாம் தேவையில்ல. என்விடியாவே ஆர்டிஎக்ஸ் 3060, 4060, 5060 மூணுக்கும் 550 வாட்ஸ்தான் சொல்லுது.

எஸ்எம்பிஎஸ் மாத்தவே முடியாது, ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட டெல், ஹெச்பி பெட்டிதான் இருக்குங்கறவங்களுக்கு 75 வாட்ஸுக்குள்ள ஓடுற, தனி வயர் வேணாத கார்டு இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடல், 70 வாட்ஸ். காசுக்கு ஏத்த வேகம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த பெட்டிக்கு அதைவிட நல்லதா புதுசுல ஒன்னு காட்டுறது கஷ்டம். சன்னமான பெட்டின்னா லோ புரொஃபைல் (உயரம் கம்மியான) மாடலான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா உள்ளயே போகாது. பெரிய கேபினெட் வெச்சிருக்கறவங்களும் ஒரு ஸ்கேல் எடுத்து ஸ்லாட்ல இருந்து முன்பக்க ஃபேன் வரைக்கும் அளந்துட்டு கடைக்குப் போங்க, மூணு ஃபேன் கார்டு நெறைய 30 சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், சிலது அதுக்கு மேலயும் போகும்.

அடுத்து சொல்றதை கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. கார்டு மதர்போர்டோட பேசுற ரோடு, பிசிஐ எக்ஸ்பிரஸ். பாக்க எல்லா கார்டும் நீளமான அதே ஸ்லாட்லதான் உக்காரும், ஆனா உள்ள எத்தனை லேன் (வழித்தடம்) இணைச்சிருக்காங்கங்கறது வேற. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாம் 8 லேன்தான். புது போர்டுல 4.0 வெர்ஷன் இருந்தா 8 லேன்லயே செகண்டுக்கு 16 ஜிபி கிட்ட போகும், கவலை இல்ல. தம்பியோட ப்ராசசர் ஐ5 10400, அந்த 10-வது ஜெனரேஷன் இன்டெல் எல்லாமே 3.0 தான், அதுல இதே கார்டைப் போட்டா ரோடு பாதியாயிடும். ரைசன் 5600ஜி வெச்சிருக்கறவங்களும் உஷார், போர்டு 4.0 தாங்குற பி550 ஆவே இருந்தாலும் அந்த ப்ராசசர் குடுக்குறது 3.0 தான். சாதாரண நேரத்துல இது பெருசா தெரியாது, ரெண்டு மூணு ஃப்ரேம் கொறையும். கார்டோட மெமரி நெறைஞ்சு வழிஞ்சு அது ரேம்ல இருந்து டேட்டாவை இழுக்க ஆரம்பிக்கும்போதுதான் கேம் விக்கி விக்கி ஓடும். இதுல மோசமானது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி மெமரி, 4 லேன், வீடியோ ரெக்கார்ட் பண்ற என்கோடர் கூட கெடையாது. பழைய போர்டுக்கு சீப்பா கெடைக்குதேன்னு அதை வாங்கிட்டு வந்துடாதீங்க, பழைய போர்டுலதான் அது ரொம்ப அடி வாங்கும்.

சரி மெமரின்னு வந்தாச்சு, எத்தனை ஜிபி? 2023-ல ஹாக்வர்ட்ஸ் லெகசி, லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசி வெர்ஷன் ரெண்டும் வந்தப்பதான் 8 ஜிபி கார்டு வெச்சிருந்தவங்களுக்கு மொத அடி. 499 டாலருக்கு வித்த ஆர்டிஎக்ஸ் 3070 கூட டெக்ஸ்சரை (கேம்ல சுவர், தரை மேல எல்லாம் ஒட்டுற படம்) ஏத்த முடியாம தடுமாறுச்சு, சிப்புல தெம்பு இருந்தும் வெக்க எடம் இல்ல. சமையக்காரர் பத்து பேருக்கு சமைக்க ரெடி, அடுப்படி மட்டும் ஒண்டிக்குடித்தனம் சைஸ்ல இருந்தா என்ன பண்றது, அந்தக் கதை. 1080பி-ல டெக்ஸ்சரை மீடியம், ஹைக்கு இறக்கி ஆடுறதுக்கு 8 ஜிபி இன்னும் ஓடும், ஆனா புதுசா 30 ஆயிரம் போட்டு நாலஞ்சு வருசம் வெச்சுக்கப் போற கார்டுன்னா 12 ஜிபி இருந்தா நிம்மதி. 4 ஜிபி-யை ஃப்ரீயா குடுத்தா வாங்கிக்கலாம்.

அதுக்காக ஜிபி-யை மட்டும் பாத்து வாங்குறதும் தப்பு. ஆன்லைன்ல "4 ஜிபி கேமிங் கிராபிக்ஸ் கார்டு"ன்னு ஜிடி 730-ஐ இன்னும் வித்துக்கிட்டு இருக்காங்க. அதுல பெரும்பாலும் இருக்கறது பழைய, மெதுவான டிடிஆர்3 மெமரி, ஜிடிஏ 5-யே முக்கி முனகி ஓடும். அதுக்குக் குடுக்குற காசை எடுத்து வெச்சு 5600ஜி மாதிரி கிராபிக்ஸோட வர்ற ப்ராசசர் வாங்குனா அதைவிட நல்லா ஓடும். ஜிடி 1030-ல நடந்தது இன்னும் கொடுமை, 2017-ல ஜிடிடிஆர்5 மெமரியோட வந்துச்சு, அடுத்த வருசம் அதே பேர்ல டிடிஆர்4 போட்டு ஒன்னு விட்டாங்க, மெமரி வேகம் மூணுல ஒரு பங்கு. டப்பா ஒன்னு, பேரு ஒன்னு, உள்ள சரக்கு வேற. ஆர்டிஎக்ஸ் 3060-லயும் இந்த வேலை நடந்திருக்கு, 12 ஜிபி மாடல்தான் ஒரிஜினல், அப்பறம் 8 ஜிபி-ன்னு ஒன்னு வந்துச்சு, அதுல மெமரி பாதை 192 பிட்ல இருந்து 128 பிட்டா கொறைஞ்சிடுச்சு. விலை ரெண்டாயிரம் கம்மியா இருக்கேன்னு அதை எடுத்துட்டு வந்தவங்க நெறைய.

பேர்ல இருக்கற நம்பரைப் படிக்கறது சுலபம். என்விடியாவுல மொத ரெண்டு நம்பர் தலைமுறை, கடைசி ரெண்டு நம்பர் அந்த தலைமுறைக்குள்ள அதோட அந்தஸ்து. 3050-க்கு தலைமுறை புதுசு, ஆனா பழைய 2060 அதைவிட வேகம். புது நம்பரா பெரிய நம்பரான்னு குழம்புனா கடைசி ரெண்டு நம்பரை நம்புங்க, 50-ன்னு முடிஞ்சா எந்த வருசம் வந்தாலும் அது வீட்ல கடைக்குட்டி.

டப்பா மேல, விளம்பரத்துல வர்ற கணக்கை நம்பாதீங்க. 2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில நின்னு, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 முந்தின தலைமுறையோட பெரிய கார்டான 4090-க்கு சமம்னாரு. அது ஃப்ரேம் ஜெனரேஷனைப் போட்டு வந்த கணக்கு. கார்டு நெஜமா ஒரு படம் வரையும், நடுவுல மூணு படத்தை ஏஐ கற்பனை பண்ணி சொருகும், மீட்டர்ல நம்பர் எகிறும், ஆனா நீங்க மவுஸை அசைச்சா அதுக்கு பதில் வர்றது அந்த நெஜ படத்தோட வேகத்துலதான். 60 ஃப்ரேம் நெஜமா வர்ற எடத்துல அதைப் போட்டா நல்லாத்தான் இருக்கும், 25 ஃப்ரேம் வர்ற எடத்துல போட்டா எண்ணெயில நீச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும். அதனால ரிவ்யூ பாக்கும்போது ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாத நம்பரைப் பாருங்க, சராசரியோட சேத்து "ஒன் பர்சன்ட் லோ" அப்படின்னு ஒரு நம்பர் போடுவாங்க, கேம் ரொம்ப மோசமா ஓடுன நேரத்துல வந்த ஃப்ரேம், அதைக் கண்டிப்பா பாருங்க. சராசரி 80, லோ 25-ன்னா கேம் நடுநடுவுல தூக்கிப் போடும்னு அர்த்தம்.

அப்ஸ்கேலிங் வேற, அதை நான் கொறை சொல்ல மாட்டேன். சின்ன ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கி காட்டுறது, என்விடியாவுல டிஎல்எஸ்எஸ், ஏஎம்டில எஃப்எஸ்ஆர், இன்டெல்ல எக்ஸ்இஎஸ்எஸ். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் ஆர்டிஎக்ஸ்னு பேர் வெச்ச எல்லா கார்டுலயும் வரும், 2060-ல கூட. ஏஎம்டியோட நல்ல வெர்ஷன் எஃப்எஸ்ஆர் 4, அதை ஆர்எக்ஸ் 9000 சீரிஸுக்குன்னுதான் விட்டாங்க. இதையும் விலையில சேத்துக்கணும், பழைய கார்டு வாங்குனா ஆயுசு கூடுறது இதாலதான். ரே ட்ரேசிங் (வெளிச்சமும் நிழலும் நெஜத்துல மாதிரி கணக்குப் போட்டு வரையறது) எனக்கு வேணாம்ப்பா, அது பணக்காரங்க சமாச்சாரம்னு முன்னாடி சொல்லிட்டு இருந்தேன். 2024 டிசம்பர்ல வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், ரே ட்ரேசிங் இல்லாத கார்டுல ஓடவே ஓடாதுன்னு கதவை சாத்திடுச்சு, அதுக்கப்பறம் டூம் டார்க் ஏஜஸும் அதே. அதனால ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 5700 மாதிரி கார்டு செகண்ட்ஸ்ல சல்லிசா கெடைச்சாலும் இப்ப யோசிக்கணும்.

விலைக்கு வருவோம். வெளிநாட்டு ரிவ்யூல 299 டாலர்னு கேட்டுட்டு, டாலருக்கு 90 ரூபான்னு வெச்சு பெருக்கி 27 ஆயிரம்தானன்னு கடைக்குப் போயி திட்டு வாங்காதீங்க. அந்த டாலர் விலையில டாக்ஸ் கெடையாது, இங்க 18 பர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும். 299 இன்டு 90, அதுக்கு மேல 18 பர்சன்ட், சுமார் 31,750. கடை விலை இதுக்கு ஒட்டி இருந்தா நியாயமான விலை, இதைவிட கம்மியா இருந்தா யோகம், அஞ்சாயிரம் ஜாஸ்தியா இருந்தா நடையைக் கட்டுங்க. வெளியானப்ப சொன்ன டாலர் விலையை வெச்சு இதே கணக்குல ஆர்டிஎக்ஸ் 5060 அந்த 31,750, இன்டெல் பி580 249 டாலர்னா 26,450 கிட்ட, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349 டாலர்னா 37 ஆயிரம், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி 429 டாலர்னா 45,500. மெமரி விலை ஏறுனதால கடையில நம்பர் மாறிக்கிட்டே இருக்கும், அதனால இந்த பெருக்கல் வழியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

என் மனசுல பட்டதை சொல்றேன். 37 ஆயிரம் வரைக்கும் இழுக்க முடியும்னா 9060 எக்ஸ்டி 16 ஜிபி, யோசிக்கவே வேணாம், மெமரியும் இருக்கு, அதுல 16 லேனும் முழுசா இருக்கு, அதனால பழைய 3.0 போர்டுக்கும் பொருந்தும். அதோட 8 ஜிபி தம்பி ஒன்னு அதே பேர்ல சுத்திக்கிட்டு இருக்கு, டப்பாவை ரெண்டு தடவை படிங்க. 5060 வேகமான கார்டுதான், ஆனா 2025-ல வந்த கார்டுக்கு 8 ஜிபி-ன்னு நிறுத்துனது எனக்குப் பிடிக்கல, வேலரன்ட், ஃபோர்ட்நைட்னு ஆடுறவங்க வாங்கிக்கலாம். இன்டெல் பி580-ல 12 ஜிபி, விலைக்கு அருமையான கார்டு, ஆனா அதுக்கு புது ப்ராசசர் வேணும், பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) ரீசைசபிள் பார்னு ஒரு செட்டிங் இருக்கு அது ஆன்ல இல்லன்னா படுத்துடும், ஆன் பண்ணாலும் பழைய ஆறு கோர் ப்ராசசரோட சேந்தா டிரைவர் ப்ராசசரை அதிகமா வேலை வாங்குறதால வேகம் கொறையும்னு 2025 தொடக்கத்துலயே டெஸ்ட் பண்ணி காட்டிட்டாங்க. ரிவ்யூல எல்லாரும் இருக்கறதுலயே பெரிய ப்ராசசரைப் போட்டு ஓட்டுறதால மொதல்ல அது தெரியல. ஏழை வீட்டுக்கு ஏத்த கார்டு, ஆனா மாமியார் வீடு வசதியா இருக்கணும்னு கேக்குது.

தம்பிக்கு இது எதுவும் சரியா உக்காரல. 30 ஆயிரத்துல எஸ்எம்பிஎஸ், ரேம் ரெண்டும் வாங்கணும், போர்டு 3.0, மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். அவனுக்கு நான் சொன்னது செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 2021 பிப்ரவரியில வந்த கார்டு, 170 வாட்ஸ், 16 லேன், டிஎல்எஸ்எஸ் உண்டு, ரே ட்ரேசிங் உண்டு.

செகண்ட் ஹேண்ட்னாலே மைனிங் கார்டா, அதாவது எதீரியம் மாதிரி கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா ஓட்டுன கார்டா இருக்கும்னு பயப்படுவாங்க. 2022 செப்டம்பர்ல எதீரியம் கார்டே தேவைப்படாத மாதிரி முறையை மாத்துனதும் கார்டை வெச்சு காசு பாத்தவங்க எல்லாம் மூட்டை மூட்டையா வித்தாங்க, அது உண்மை. ஆனா மைனிங்ல ஓடுச்சுங்கறதுக்காக மட்டும் ஒதுக்க வேணாம், பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும்தான் தேய்ஞ்சிருக்கும், அதை மாத்திக்கலாம். பயப்பட வேண்டியது ஹீட் கன் அடிச்சு உயிர் குடுத்த ரிப்பேர் கார்டுக்கு, அது ரெண்டு மாசம் ஓடி செத்துடும். அப்பறம் பி106-ன்னு ஒன்னு வரும், ஜிடிஎக்ஸ் 1060-க்கு சொந்தக்காரன், மைனிங்குக்குன்னே செஞ்சது, அதுல மானிட்டர் வயர் சொருக ஓட்டையே இருக்காது. ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி "புது" ஆர்எக்ஸ் 580 விக்குறான்னா அது பெரும்பாலும் 2048எஸ்பி-ங்கற சீனா மாடல், பேர்தான் 580, சரக்கு 570.

நேர்ல போய் பாத்து, ஓட்டிப் பாத்து வாங்குங்க, கூரியர்ல வேணாம். ஒரு பென்டிரைவ்ல ஜிபியு-இசட், ஹெச்டபிள்யு இன்ஃபோ, ஃபர்மார்க்னு மூணு சாஃப்ட்வேரையும் போட்டு எடுத்துட்டுப் போங்க. மொதல்ல ஜிபியு-இசட்ல மெமரி அளவு, பிட், ஷேடர் (சிப்புக்குள்ள கணக்குப் போடுற சின்ன கோர்) எண்ணிக்கை, 3060 12 ஜிபி-ன்னா 192 பிட், 3584 ஷேடர் காட்டணும். பழைய சிப்புல பேரை மட்டும் மாத்தி எழுதுன போலி என்விடியா கார்டா இருந்தா அந்த சாஃப்ட்வேரே போலின்னு மொகத்துல அடிச்ச மாதிரி எழுதிக் காட்டும். அப்பறம் கார்டை முழு மூச்சா வேலை வாங்குற ஃபர்மார்க்கை 15 நிமிசம் ஓட விட்டுட்டு டீ சொல்லுங்க, ஹெச்டபிள்யு இன்ஃபோல சூடு 85 தாண்டிப் போயிக்கிட்டே இருந்தாலோ, திரையில கட்டம் கட்டமாவோ கலர் கோடாவோ ஏதாவது தெரிஞ்சாலோ டீக்கு காசு குடுத்துட்டு கெளம்பிடுங்க. ஸ்க்ரூ தலை எல்லாம் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க, மோந்து பாருங்க, சிரிக்காதீங்க, ஃப்ளக்ஸ் வாசனை வந்தா யாரோ சால்டரிங் பண்ணியிருக்காங்க. எல்லா போர்ட்லயும் வயரை மாத்தி மாத்தி சொருகிப் பாருங்க.

வாரன்டி சில கம்பெனிக்கு சீரியல் நம்பர் போதும், சில கம்பெனிக்கு மொத ஆளு வாங்குன பில் வேணும், அதனால ஒரிஜினல் பில் வெச்சிருக்கறவர்கிட்ட ஆயிரம் ரெண்டாயிரம் ஜாஸ்தி குடுத்து வாங்கலாம். புது கார்டு வாங்கும்போதும் "பில் வேணாம்னா விலை கொறைச்சுத் தரேன்"னு சொல்ற எடத்துல மயங்காதீங்க, மூணு வருச வாரன்டியை அந்த பேப்பர்லதான் கட்டி வெச்சிருக்காங்க. ஓசி (ஓவர்கிளாக், கொஞ்சம் வேகம் ஏத்துன) எடிஷன், மூணு ஃபேன், வானவில் லைட்டுன்னு அதே சிப்புக்கு அஞ்சாறாயிரம் ஏத்துவாங்க, ஃப்ரேம்ல ரெண்டு மூணு பர்சன்ட் வந்தா அதிசயம். 170 வாட்ஸ் கார்டுக்கு ரெண்டு ஃபேன் தாராளம், மிச்ச காசு எஸ்எம்பிஎஸ்-க்கு.

கரன்ட் பில்லை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. 185 வாட்ஸ் ஆர்எக்ஸ் 580-க்கும் 115 வாட்ஸ் 4060-க்கும் 70 வாட்ஸ் வித்தியாசம். தெனம் நாலு மணி நேரம் ஆடுனா ரெண்டு மாச ஈபி பில்லுக்கு 17 யூனிட் கிட்ட. அதுக்காக புது கார்டு வாங்குறது நியாயம் இல்ல, ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடுனா ஒரு பக்கம் தட்டு கொஞ்சம் சாயும், அவ்ளோதான்.

கடைசியா நாங்க பண்ணது. பெரம்பூர்ல ஒரு காலேஜ் பையன் 3060 விக்குறான்னு கண்டுபிடிச்சு, பில்லோட, 18 ஆயிரத்துக்கு பேசி முடிச்சோம். 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், ஒரு ரேம் ஸ்டிக், எல்லாம் சேத்து 30-க்குள்ள அடங்கிடுச்சு, பழைய 1050 டிஐ-யை வித்ததுல வந்த காசு அவன் பாக்கெட்டுக்கு. வீட்டுக்குப் போயி பழைய டிரைவரை டிடியு-ங்கற சாஃப்ட்வேர் வெச்சு சுத்தமா எடுத்துட்டு புதுசைப் போடு, விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போயி 75 ஹெர்ட்ஸ் செலக்ட் ஆயிருக்கான்னு பாரு, அது தானா 60-லயே உக்காந்திருக்கும், எஸ்எம்பிஎஸ்-ல இருந்து வர்ற வயரை கார்டுல "க்ளிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துன்னு பாடம் நடத்தி அனுப்பினேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அண்ணா, ஏமாந்துட்டோம்ணா, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல, கார்டு செத்துப்போச்சு." அழுதுடுவான் போல இருந்துச்சு. வீடியோ கால் போட்டு பெட்டிக்குப் பின்னாடி காட்டுடான்னேன். ஹெச்டிஎம்ஐ வயரை கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகி வெச்சிருக்கான்.